சிரிக்கும் முன் தலையணை

எங்கள் வகுப்பில் யாருக்கும் களைப்பே கிடையாது. நான்கு வருடமாகவே கிடையாது.

ஷிப்ட் முடிந்து வார்டு வாசலுக்கு வந்ததும் சட்டையில் குத்தியிருக்கும் வில்லை, "இன்றைய களைப்பு எவ்வளவு?" என்று கேட்கும். சுழியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் "இரண்டு" என்போம். காய்ச்சலோடு வந்தவளும் இரண்டு. நின்றபடியே தூங்கியவனும் இரண்டு. சுழியம் என்றால் எந்திரம் சந்தேகப்படும், ஆகவே இரண்டு.

காரணம் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அமலோற்பவம் மேடம். எங்களுக்குப் பாடமும் வார்டுப் பயிற்சியும் அவர்தான். எங்கள் களைப்பின் சராசரி ஏறினால் அவருடைய மதிப்பீடு இறங்கும், கண்காணாத ஊருக்கு மாற்றல் வரும். அவர் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. வில்லை பேசும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒன்பது என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்?

நான் பரணிதரன். பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு. நோயாளிகள் என்னை "டாக்டர்" என்று அழைப்பார்கள், இல்லையென்று சொன்னால் "கம்பவுண்டர்" என்பார்கள், அதுவும் இல்லையென்றால் "அப்ப யாருங் நீங்க?" என்பார்கள். நான் இரண்டு முறை அறுவை வார்டுப் பயிற்சித் தேர்வில் தோற்றவன். மூன்றாவது முறையும் போனால் ஜூனியர் பையன்களோடு உட்கார்ந்து ஒரு முழு வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கும் என் அப்பா, கால் கிலோ காராச்சேவு கேட்டு வருகிறவர்களுக்குக்கூட, மகன் ஜெர்மனிக்குப் போகப்போவதைச் சேர்த்துத்தான் பொட்டலம் கட்டுகிறார்.

கொங்கு நாட்டு ஊர் ஒன்றில் இருக்கிறது எங்கள் மருத்துவமனை. மரியாதை கொஞ்சம் அதிகமான ஊர். எனிமா கொடுக்கப் போனால்கூட "வாங்க தம்பி, காப்பி குடிச்சீங்களா" என்று கேட்பார்கள். கதைக்கு இது முக்கியம்.

ஆறுச்சாமி எனக்கு ஒதுக்கப்பட்ட நோயாளி. கல்யாண மண்டபங்களில் சமைப்பவர். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். முகூர்த்த மாதமென்பதால் மனைவியும் ஆட்களும் ஒப்புக்கொண்ட சமையலுக்குப் போய்விட, ஆள் தனியாகப் படுத்திருந்தார். தலைமாட்டைக் கண்ணால் காட்டி முதல் கேள்வி கேட்டார்.

"அதென்னுங் தம்பி, சோப்பு டப்பாவாட்ட?"

"நலமானிங்க. உங்க முகத்தைப் பார்க்கும், குரலைக் கேட்கும், நீங்க சொல்றதையும் சேர்த்துக்கும். கலந்து கட்டி வலி எவ்வளவுன்னு ஒரு நம்பர் போடும். பத்துன்னா தாங்க முடியாத வலி. நம்பர் பெரிசா இருந்தா டாக்டர் ஓடி வருவாங்க, இந்த பம்ப் தானா வலி மருந்தைக் கூட்டும். சின்னதா இருந்தா குறைச்சுடும்."

"என்ற வவுத்து வலி அதுக்கெப்புடீங் தெரியும்?"

"லட்சம் பேர் முகத்தைப் பார்த்துப் படிச்சிருக்குங்க. என்னை மாதிரி இல்ல, ஒழுங்காப் படிச்சிருக்கு. நான் ரெண்டு தடவை ஃபெயிலு."

இது என்னுடைய வழக்கமான தொடக்கம். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறவனிடம் நோயாளிகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

"எதுலீங் ஃபெயிலு?"

"இதே டப்பாலதான். என் ஷிப்ட் முடியறப்ப உங்க நம்பர் எவ்வளவு கீழ இருக்கோ அவ்வளவு எனக்கு மார்க். இந்தத் தடவையும் போச்சுன்னா, ஜெர்மனி போறான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கிற எங்கப்பா, கடைக்கு வர்றவங்களுக்கு சேவு மட்டும்தான் கொடுக்கணும்."

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. என்னையும் டப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். ஜோக் எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஒரு தலையணையை எடுத்து அவர் வயிற்றின்மேல் வைத்து, இரண்டு கைகளையும் அதன்மேல் வைக்கச் சொன்னேன்.

"உள்ளே தையல் இருக்கு. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது இப்படி அணைச்சுப் பிடிச்சுக்கணும். அப்பத்தான் இழுக்காது."

"சிரிக்கறக்குமாங்?"

"சிரிக்கிறதுக்கும்தான். நான் இருக்கேன்ல, தேவைப்படும்."

மறுநாளே தேவைப்பட்டது. நான் என்ன சொன்னாலும் ஆறுச்சாமி சிரித்தார். ஜெர்மன் வகுப்பில் என் நாக்கு சுளுக்கிக்கொண்ட கதை, முதலாமாண்டில் ஊசி போடப் பழகும்போது ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலாக என் கட்டைவிரலில் போட்டுக்கொண்ட கதை, எல்லாவற்றுக்கும் தலையணையை அணைத்துக்கொண்டு குலுங்கினார். நலமானியில் ஐந்து நான்காகி மூன்றாகி இரண்டானது. பக்கத்துக் கட்டில்களும் சேர்ந்துகொண்டன. வார்டே என் பக்கம் காதைத் திருப்பி வைத்துக்கொண்டது. மாணவர்கள் அறையில் மதிப்பெண் வரிசை ஓடும் திரையில் என் பெயர் முதலிடத்துக்கு ஏறியது. நான்கு வருடத்தில் அதை அவ்வளவு உயரத்தில் நான் பார்த்ததில்லை. பார்க்கக் கழுத்து வலித்தது.

ரெஜினா கடைசியில் இருந்தாள். எங்கள் வகுப்பிலேயே கை சுத்தமாக வேலை செய்பவள் அவள். கட்டுப் பிரித்தால் நோயாளிக்குத் தெரியாது. ஆனால் "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, அமுக்கினா கூடுதா?" என்று நேராகக் கேட்பாள். கேட்டால் சொல்வார்கள். சொன்னால் எண் ஏறும்.

"உன் ஜோக்குக்கு யாருடா சிரிக்கிறாங்க?" என்றாள்.

"முப்பது கட்டில்."

"நாலு வருஷமா நாங்களும் கேக்கறோம். எங்களுக்கு ஒரு தடவைகூட வரலையே."

"நீ நோயாளி இல்ல. உனக்கு ரசனை வர இன்னும் ஒரு ஆபரேஷன் ஆகணும்."

அவள் சிரிக்கவில்லை. அவள் என்றைக்குமே சிரித்ததில்லை என்பதை ஒரு தகவலாக நான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பொறாமையாக எடுத்துக்கொண்டேன்.

அமலோற்பவம் மேடத்துக்கும் அந்தத் திரை பிடிக்கவில்லை என்று தெரிந்தது. தேநீர் இடைவேளையில் கேட்டேன்.

"மேடம், இது வர்றதுக்கு முன்னாடி எப்படி மார்க் போட்டாங்க?"

"நாங்க போட்டோம். எவ மேடத்துக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்தாளோ அவளுக்கு நல்ல மார்க். அதனால மெஷின் வந்துச்சு. மெஷினுக்குப் பூ பிடிக்காதுன்னு நினைச்சாங்க." டம்ளரைக் கழுவி வைத்தார். "உன் ஆள் எப்படி இருக்கார்?"

"ஒண்ணு மேடம்."

"நான் நம்பரைக் கேக்கல. ஆள் எப்படி இருக்கார்?"

"சிரிச்சுட்டே இருக்கார் மேடம்."

அவர் ஏதோ சொல்ல வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேள்விகள் ஒரு அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

அடுத்த நாள் காலை ரவுண்ட்ஸில் பயிற்சி மருத்துவர் இளவேனில் ஆறுச்சாமியின் வயிற்றை அமுக்கினார். இளவேனிலுக்கும் என் வயதுதான் இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவர்.

"வலிக்குதாங்கய்யா?"

"கூச்சமா இருக்குதுங் டாக்டரு" என்று ஆறுச்சாமி நெளிந்து சிரித்தார்.

நலமானியில் ஒன்று. "வெரிகுட். கஞ்சி ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் நாடி பிடித்தேன். ஓடிவந்தவனின் நாடிபோலத் துடித்தது. உடம்பு லேசாகச் சுட்டது. வயிறு நேற்றைவிட உப்பலாகத் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பம்ப்பைப் பார்த்தேன். எண் குறையக் குறைய அது மருந்தைக் குறைத்து, முந்தின நாளோடு முழுக்க நிறுத்தியிருந்தது.

"என்னங்கய்யா, நாடி இந்த ஓட்டம் ஓடுது?"

"பந்தி முடியற நேரமுங் தம்பி. ஒடம்புக்குப் பழக்கம்."

சரி, ஆளைக் கொஞ்சம் இலேசாக்குவோம் என்று, "நேத்து பஸ்ல ஒரு கூத்துங்க..." என்று ஆரம்பித்தேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பஸ் இன்னும் நிறுத்தத்துக்கே வரவில்லை. ஆறுச்சாமியின் கை ஓரமாகக் கிடந்த தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துப் பிடித்தது. இரண்டு கைகளும் இறுகின. முகம் எனக்காகக் காத்திருந்தது.

இருமல் வருவது முன்கூட்டியே தெரியும், தொண்டை சொல்லிவிடும். தும்மலும் தெரியும். சிரிப்பு எப்படித் தெரியும்? ஜோக் முடிவதற்கு முன்னாலேயே சிரிக்கத் தயாராகிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்திருக்கிறேன், தினமும் பார்த்திருக்கிறேன். கவனித்ததில்லை.

கதையை நிறுத்திக்கொண்டேன். வேறொன்று செய்து பார்க்கத் தோன்றியது. குரலை மட்டும் ஜோக் சொல்லும் குரலாக வைத்துக்கொண்டு, கையைக் காலை ஆட்டி, "நாளைக்கு எங்க ஹாஸ்டல்ல தண்ணி வராதுங்க. மோட்டார் ரிப்பேர்" என்றேன்.

உண்மையிலேயே மோட்டார் ரிப்பேர். வேறொன்றும் அதில் இல்லை.

ஆறுச்சாமி தலையணையை இறுக்கிக்கொண்டு குலுங்கினார். கண்ணோரம் நீர் வழிந்தது. பக்கத்துக் கட்டில் சிரித்தது. அதற்கடுத்த கட்டில் சிரித்தது. எதிர்வரிசையில் காலில் கம்பி மாட்டிக் கிடந்தவர் "மோட்டாரு..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காது கேட்காத கடைசிக் கட்டில் பெரியவர் மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினார். தலைமாடுகளில் மூன்றுகள் இரண்டாயின, இரண்டுகள் ஒன்றாயின.

வார்டை விட்டு வெளியே வந்தேன்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி பாப்பாத்தியக்கா வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அங்கே நலமானி கிடையாது.

"அக்கா, மோட்டார் ரிப்பேர்ல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"மோட்டாருங்களா? நாங்க கவனிக்கலீங் தம்பி. நீங்க நிறுத்துனீங்க, சிரிச்சோம்."

"எதுக்குக்கா?"

"ரெண்டு தடவ போயிருச்சுன்னு நீங்கதானுங்கொ சொன்னீங்க." பாட்டிலை மூடினார். "அன்னைக்கே ஆறுச்சாமியண்ணன் எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டாருங். தம்பி வாயத் தொறந்தா ஆரும் சும்மா இருக்கக் கூடாது, பாவம், ஊர்ல அப்பன் எதிர்பாத்துட்டு இருக்கறாரு, சிரிச்சுப்போடோணும்னு."

என்னுடைய வழக்கமான தொடக்கத்தை யாரும் ஜோக்காக எடுத்துக்கொள்ளவே இல்லை. நான் சொன்னவற்றிலேயே அவர்கள் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.

"அவருக்கு வலி இருக்குமே அக்கா."

"இருக்காதுங்களா பின்ன. ராவெல்லாம் போர்வையத் தலையோட போத்தீட்டு, துண்டக் கடிச்சுட்டுத்தான் கெடக்கறாரு. நீங்க வர்ற நேரத்துக்கு மூஞ்சி கழுவீட்டு உக்காந்துக்கறாரு."

"ராத்திரி நம்பர் ஏறினா எனக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. என் ஷிப்டுக்கு மட்டும்தான் மார்க்."

பாப்பாத்தியக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அலுப்புத்தான். "அது எங்களுக்கு எப்புடீங் தம்பி தெரியும்?" என்றார்.

லட்சம் முகங்களைப் படித்த எந்திரம். சிரிக்கிறவனுக்கு வலி இல்லை என்று அதற்கு எந்த ஊர்க்காரன் சொல்லிக்கொடுத்தானோ, அவன் நிச்சயம் இந்த ஊர்ப்பக்கம் வந்ததில்லை.

ஓடிப்போய் இளவேனிலைப் பிடித்தேன். நாடியையும் சூட்டையும் வயிற்றையும் சொன்னேன். தையல் உள்ளே கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது, ஒரு ஸ்கேன் வேண்டும் என்றேன். அவர் கட்டிலுக்கு வந்து எண்ணைப் பார்த்தார். தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் தட்டிப் பார்த்தார்.

"என்னால போட முடியாது பரணி. ஒண்ணுன்னா பட்டனே அமுங்காது. குறைஞ்சது ஆறு வேணும். கீழே ஒன்பதுக்காரங்க பதினஞ்சு பேர் வரிசையில இருக்காங்க."

"நம்பர் பொய் டாக்டர்."

"நீதானே அதை வாங்கினது?" குத்திக்காட்டுகிற தொனியில் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "அவரையே சொல்லச் சொல்லு. வாயால சொன்னா ஏறும்."

ஆறுச்சாமி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. வலி எவ்வளவு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"எனக்கு மார்க் நேத்தே போட்டாச்சுங்க. பாஸ். இனிமே நீங்க என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கண் என் சட்டைக்குப் போனது. வில்லையில், மதிப்பெண் கணக்கு இன்னும் ஓடுகிறது என்று காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு மாதிரி பரிவோடு என்னைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"பந்தியில உப்பு கம்மின்னு ஆரும் நேரா சொல்லமாட்டாங் தம்பி" என்றார் மெதுவாக. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. "நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. சமையக்காரன் மனசு நோகக்கூடாதில்லீங். அது ஒரு மரியாதிங்."

"உப்பு கம்மின்னா யாரும் சாகமாட்டாங்க ஐயா."

அவர் உதடு சிரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. நெற்றி முழுக்க வியர்வை.

நான் எழுந்து வார்டு நடுவிலிருந்த மேசைக்குப் போனேன். அமலோற்பவம் மேடம் நிமிர்ந்தார். சட்டையிலிருந்து வில்லையைப் பிடித்து இழுத்தேன். ஊக்கு சிக்கிக்கொண்டது. இந்த மாதிரித் தருணங்களில் என் கைக்கு எப்போதும் இப்படித்தான் ஆகும்.

"பரணி." அவர் எழுந்துவிட்டார். "நடுவுல கழட்டினா ஷிப்ட விட்டு ஓடினதாக் கணக்கு. என்னால திரும்ப மாட்டிவிட முடியாது."

"தெரியும் மேடம்."

"நான் வேணா சர்ஜனுக்குப் போன் போட்டுப் பாக்கறேன்."

"அவரும் நம்பர் என்னன்னுதான் கேப்பார் மேடம்."

போனை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டார். "ஜெர்மனி?" என்றார் தணிந்த குரலில்.

"அது எங்க போகப்போகுது. அங்கேயேதான் இருக்கும்."

அவர் கை நீண்டது. தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிக்கியிருந்த ஊக்கை விடுவித்துக் கொடுத்தார்.

வில்லையை மேசையில் வைத்தேன். பச்சை சிவப்பாகி, அணைந்தது. வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி நடந்து ஆறுச்சாமியிடம் வந்து, சட்டையில் ஊக்கு போட்ட ஓட்டையைக் காட்டினேன்.

"மூணாவது தடவையும் ஃபெயிலுங்க ஐயா. முடிஞ்சது. இனிமே என்னை யாராலயும் காப்பாத்த முடியாது. நீங்க சொல்லலாம்."

அவர் அந்த ஓட்டையையே பார்த்தார். பிறகு அணைத்துப் பிடித்திருந்த தலையணையை விட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. முகத்தில் இத்தனை நாளாக மாட்டிவைத்திருந்தது கழன்று விழுந்ததும், உள்ளே இருந்தது எனக்குத் தெரியாத வேறொரு மனிதர்.

"தாங்க முடியலீங் தம்பி" என்றார். "ஒம்பதுங். பத்துன்னு வெச்சாலும் தப்பில்லீங்." அழ ஆரம்பித்தார்.

நலமானி ஒன்றிலிருந்து ஒன்பதுக்குத் தாவி அலறியது. இளவேனில் ஓடிவந்தார். பட்டன் அமுங்கியது. ரெஜினா எங்கிருந்தோ தள்ளுவண்டியோடு வந்தாள், கால்பக்கம் பிடித்தாள். நாங்கள் அவரைத் தூக்கி மாற்றும்போது பக்கத்துக் கட்டில்காரர் தயங்கித் தயங்கி, "எனக்கும் ஆறு இருக்குமுங்" என்றார். எதிர்வரிசையில் கம்பிக்காரர் ஏழு என்றார். வண்டியைக் கதவுக்கு வெளியே தள்ளும்போது திரும்பிப் பார்த்தேன். வார்டு நெடுகச் சிவப்பு விளக்குகள் எரிய, அமலோற்பவம் மேடம் கட்டில் கட்டிலாகப் போய் எல்லோரிடமும் எங்கே வலிக்கிறது என்று முதல் நாள்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல் விட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வயிறு முழுக்கப் பரவியிருக்கும் என்று சர்ஜன் சொன்னதாக இளவேனில் வந்து சொன்னார். மறுபடி திறந்து கழுவித் தைத்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்றார். சொல்லிவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டு தூங்கினார்.

ஷிப்ட் முடிந்தது. வகுப்பு வரிசையில் நின்றது. இரண்டு, இரண்டு, இரண்டு. ரெஜினா தன் முறை வந்ததும் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு மேடத்தின் முதுகைப் பார்த்தாள். "இரண்டு" என்றாள்.

எண் கேட்க என் சட்டையில் வில்லை கிடையாது. பழக்கதோஷத்தில் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். எல்லோரும் போனபிறகு மேடம் ஜன்னலிலிருந்து திரும்பினார். அவர் புடவைத் தோளிலும் ஒரு வில்லை உண்டு, எங்கள் களைப்பைக் கணக்கில் வாங்கிக்கொள்வது. அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இப்பச் சொல்லு. எவ்வளவு?"

"இரண்டு" என்று நாக்கு தானாக ஆரம்பித்தது. நான்கு வருடப் பயிற்சி. பாதியில் நிறுத்தினேன்.

"ஒன்பது மேடம்."

"ம்." ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு."

உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார், வீங்கியிருந்தது. அப்படி உட்கார்ந்திருந்தது நன்றாக இருந்தது.

ஆறுச்சாமி வார்டுக்குத் திரும்பி வந்தபிறகு ஒருநாள் பார்வையாளர் நேரத்தில், யூனிஃபார்ம் இல்லாமல், இரண்டு இளநீரோடு போனேன். இளநீர் இன்னும் கொடுக்கக்கூடாது என்று வாசலில் ரெஜினா பிடுங்கி வைத்துக்கொண்டாள். இளைத்திருந்தார். வயிற்றில் பெரிய கட்டு. நலமானியில் மூன்று. உண்மையான மூன்றாகத் தெரிந்தது, பம்ப்பும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தலையணை கால்மாட்டில் கிடந்தது.

பழக்கம் விடவில்லை. பஸ் கதையை முழுசாகச் சொன்னேன். அன்றைக்குப் பாதியில் நின்றது அல்லவா.

ஆறுச்சாமி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"தப்பா எடுத்துக்காதீங் தம்பி. சிரிப்பு வரலீங்."

"பரவால்லைங்க."

"போன வாரம் சொன்னதுகளும் வரலீங்."

"தெரியுங்க."

வில்லை இல்லாத என் சட்டையைப் பார்த்தார். "அப்பறம் உங்களுக்கு என்னுங் ஆச்சு?" என்று கேட்டார்.

இதை நான் ஜோக்காகச் சொல்லவில்லை. சொல்லவும் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ஜூன்லயிருந்து ஜூனியர் பசங்களோட உக்காரணும். உங்க நம்பர் ஒண்ணுலயிருந்து ஒன்பதுக்குப் போச்சு இல்லீங்களா, வில்லையைக் கழட்டினபிறகும் அது என் கணக்குலதான் ஏறியிருக்கு. ஒரே ஷிப்ட்ல நோயாளிக்கு இவ்வளவு வலியைக் கூட்டின மாணவன் இந்த மாநிலத்துலயே வேற யாரும் இல்லையாம். கடிதாசு வந்துச்சு. எங்கப்பாவுக்கும் ஒரு காப்பி."

"அடடா. அப்பா என்னுங் சொன்னாரு?"

"அவர் முதல் வரியை மட்டும் படிச்சிருக்கார். கடையில போர்டு எழுதி வச்சுட்டார், மகன் மாநிலத்திலேயே முதலிடம்னு. இன்னைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சேவு இலவசமாம்."

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு மூக்கு விடைத்தது. உதட்டை மடித்துக் கடித்தார், பிடிக்க முடியவில்லை. எங்கோ அடியிலிருந்து ஒரு பன்றி உறுமல்போலக் கிளம்பி, "அய்யோ... தம்பி... சாமி... வேண்டாமுங்..." என்று வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டார். கண்கள் தலையணையைத் தேடின. அது கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. தலைமாட்டில் மூன்று நான்காகி, ஐந்தாகி, ஆறாகி, நலமானி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

நான் எழுந்துபோய்த் தலையணையை எடுத்துக் கொடுத்தேன்.